சிரிப்பு யார்மீது விழுகிறது?

ஒரு திரைப்படம் ஒழுக்கமானதா, ஒழுக்கக்கேடானதா என்று தீர்ப்புக் கூறும் உரிமை கிறிஸ்தவனுக்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்றே நான் விடை கூறுவேன். கலை ஒழுக்கத்துக்கு அப்பாற்பட்டது என்று வாதிப்போர் அணியில் நான் சேர்ந்தவனல்லன். மனிதனைப் பற்றிப் பேசும் எதுவும் மனிதனுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால், தீர்ப்புக் கூறப் புகுமுன், தன் கையிலிருக்கும் அளவுகோல் எது என்பதை ஒருவன் பார்த்துக்கொள்ள வேண்டாமா? துணி அளக்கும் கோலை எடுத்துக்கொண்டு அரிசி அளக்கப் புகுந்தவன், நாள் முழுவதும் கடையில் நின்றாலும் ஒரு கொத்து அரிசியும் அளந்து முடிக்கமாட்டான்.

இதைச் சொல்ல நேர்ந்தது ஒரு தமிழ்ப் படத்தின் காரணமாக. தியாகராஜன் குமாரராஜா இயக்கி, 2019 மார்ச் 29ஆம் திகதி வெளிவந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ என்னும் படம் அது. இந்தியத் தணிக்கைக் குழு அதற்கு வயது வந்தோர்க்கு மட்டும் என்ற சான்றிதழை வழங்கியது, வழங்கியது முறையே. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தில் பிணம் இருக்கிறது, பிறன்மனை உறவு இருக்கிறது, நீலப்படம் பார்க்கப் பள்ளிக்கூடத்தை ஏய்த்துவிட்டு வரும் பையன்கள் இருக்கிறார்கள், வாயைத் திறந்தால் வசைமொழியன்றி வேறு வராத மனிதர்கள் இருக்கிறார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அது நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது. குற்றத்தைக் கண்டு சிரிப்பதா என்று கேட்கும் கேள்விக்கு அங்கேதான் முதல் இடம்.

கதை நான்கு கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. வேம்பு என்னும் மணமான பெண், கணவன் இல்லாத வேளையில் பழைய காதலனை வீட்டுக்கு அழைக்கிறாள். வந்தவன் அங்கேயே இறந்துபோகிறான். கணவன் முகிலனும் அவளும் சேர்ந்து பிணத்தை மறைக்க அல்லற்படுகிறார்கள். இரண்டாவது கிளையில், ஏழு ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுச் சென்ற மாணிக்கம் என்னும் குடும்பத் தலைவன், ஷில்பா என்னும் திருநங்கையாகத் திரும்பி வருகிறாள். மூன்றாவதில், நீலப்படம் பார்க்க அமர்ந்த பையன்களுள் ஒருவன் அதில் நடித்திருப்பவள் தன் தாய் லீலா என்பதைக் காண்கிறான். நான்காவதில், அவன் தந்தை அற்புதம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் ஒரு சிலையைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர். அன்று முதல் தாமே ஒரு போதகராகி, மக்களுக்கு ஜெபத்தால் சுகம் கொடுப்பதாக நம்பி வாழ்கிறவர்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடி வீட்டில் மாதம் ஒருமுறை நாங்கள் சிலர் கூடுவதுண்டு. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், சைவர் எனப் பலரும் வருவர். பெரும்பாலும் புத்தகம் பேசுவோம். எப்போதாவது படம் பேசுவோம். இப்படத்தைப் பற்றிய பேச்சு எழுந்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மறையுரைக்குக் குறிப்பெடுப்பவர் போல ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எத்தனை ஆபாசக் காட்சி, எத்தனை தகாத சொல், எத்தனை இடத்தில் கடவுள் நிந்தை என்று வரிசையாக வாசித்தார். “இதைப் பார்ப்பதே பாவம்; பார்த்ததைப் பேசுவது இரண்டாவது பாவம்” என்று முடித்தார்.

அவர் வேடிக்கை மனிதரல்லர். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தொலைபேசி இருக்கிறது; அதற்குள் உலகத்தின் சாக்கடையெல்லாம் இருக்கிறது; அதைக் காக்க எந்தத் தாயாலும் இரவு பகலாக விழித்திருக்க முடியாது. அவருடைய அச்சம் நியாயமானது. நான் அதைப் பரிகசிக்கவில்லை.

ஆனால் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தியும் இருந்தாள். எப்போதும் அதிகம் பேசாதவள். அன்று மெல்லக் கேட்டாள்: “மாஸ்டர், நீங்கள் எல்லாத்தையும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறீங்கள். அந்தப் பொலிஸ்காரன் ஸ்டேசனுக்குள்ள அந்த ஷில்பாவைச் செய்த வேலை உங்கட தாளில எந்த நம்பர்?”

ஆசிரியர் தாளைப் பார்த்தார். அது ஆபாசக் காட்சிகளின் பட்டியலில், மற்றவற்றோடு ஒன்றாக, ஓர் எண்ணாக இருந்தது. வேம்பு தன் பழைய காதலனோடு இருந்ததும் ஓர் எண்; பையன்கள் படம் பார்க்க அமர்ந்ததும் ஓர் எண்; சட்டத்தின் சீருடை அணிந்தவன் தன் கைக்குள் அகப்பட்ட ஒருத்தியின் மானத்தை வலிந்து பறித்ததும் ஓர் எண். அந்தக் கோலுக்கு இவையெல்லாம் ஒரே நீளம்!

இந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று ஆராய்வது நலம்.

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டில் படங்களைத் தரம் பிரிக்கும் அதிகாரம் பெரியம்மாவிடம் இருந்தது. அவரிடம் மூன்று தரங்கள் உண்டு: பிள்ளைகளோடு பார்க்கும் படம், பிள்ளைகள் நித்திரையான பின் பார்க்கும் படம், பிசாசு மட்டும் பார்க்கும் படம். முதல் தரத்தின் தலைமை இடத்தில் அவர் வைத்திருந்தது ‘ஞானசௌந்தரி’. 1948ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனமும் சிட்டாடல் நிறுவனமும் தனித்தனியே அக்கதையைப் படமாக்கியதும், சிட்டாடலின் படமே மக்கள் மனத்தில் நிலைத்ததும் தமிழ்ச் சினிமா அறிந்தோர் அறிவர். அக்கதையில் என்ன நடக்கிறது? சிற்றன்னை ஒருத்தி தன் கணவனின் மகளைக் கொல்ல ஏவுகிறாள். அப்பேதைப் பெண்ணின் இரு கைகளும் வெட்டப்படுகின்றன. கொலைச்சதி, சித்திரவதை, பொய்க்கடிதம் யாவும் உண்டு. ஆயினும் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு சென்று அழுதுவிட்டு வந்தன. பெரியம்மா அதைப் புண்ணியக் கதை என்றே சொல்வார்.

அவர் சொன்னது சரியே. குற்றம் காட்டப்பட்டது என்பதற்காக அவர் அதைத் தள்ளவில்லை. கை வெட்டப்பட்டவளின் பக்கத்தில் அக்கதை நின்றது என்பதால் அதை ஏற்றார். அதாவது, எழுதப் படிக்கக் குறைவாகத் தெரிந்த அந்தப் பெண்மணிக்கு, எது காட்டப்பட்டது என்பதைவிட எந்தப் பக்கத்தில் நின்று காட்டப்பட்டது என்பதே பெரிதாகத் தெரிந்தது. படித்தவர்கள் நாமோ எண்ணிக்கைக்குள் சிக்கிக்கொண்டோம்.

எண்ணிப் பார்த்துத் தரம் பிரிக்கும் முறைக்கு உலகளாவிய வரலாறு ஒன்று உண்டு. 1930களில் அமெரிக்கக் கத்தோலிக்கர் ‘ஒழுக்கப் படையணி’ என்று பொருள்படும் ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று விசுவாசிகள் கோயிலில் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தனர். படங்கள் ஏற்கத்தக்கவை, ஓரளவு ஆட்சேபிக்கத்தக்கவை, கண்டிக்கத்தக்கவை என்று வகுக்கப்பட்டன. 1936 ஜூன் 29ஆம் திகதி பாப்பரசர் பதினொராம் பத்திநாதர் சினிமாவைப் பற்றி ஒரு சுற்றுமடலையே வெளியிட்டு, அவ்வியக்கத்தைப் பாராட்டி, ஒவ்வொரு நாட்டிலும் இத்தகைய தரப்பட்டியல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த மடலின் அக்கறை வெறும் குறுகிய மனத்தின் அக்கறையன்று. உழைத்துக் களைத்த ஏழை மக்களின் ஓய்வு வேளையைப் பண முதலைகள் விலைக்கு வாங்கி, அவர்களுடைய கீழான உணர்ச்சிகளைத் தூண்டி இலாபம் பார்க்கிறார்கள் என்ற கவலை நியாயமான கவலை. முற்போக்காளரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய கவலை. ஆனால் கவலை பட்டியலாக மாறியபோது ஒரு தொல்லை நேர்ந்தது. பட்டியலுக்கு உடலின் நிர்வாணம் தெரிந்தது. அநீதியின் நிர்வாணம் தெரியவில்லை.

1961ஆம் ஆண்டு ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவேல் ‘விரிதியானா’ என்னும் படத்தை எடுத்தார். கான் விழாவில் முதற்பரிசு பெற்ற அப்படத்தை வத்திக்கானின் நாளேடு தெய்வ நிந்தை என்று கண்டித்தது. பிராங்கோவின் ஸ்பெயின் அதற்குத் தடை விதித்தது. ஆண்டுகள் சென்றன. 1995இல், சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி, வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை சிறந்த 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் அதே புனுவேலின் ‘நசாரின்’ என்னும் படம் சமயப் பிரிவில் இடம்பெற்றது. அதே பட்டியலில், தங்கக் கட்டிகளைத் திருடும் ஒரு வங்கிக் குமாஸ்தாவின் கதையான ‘லாவெண்டர் ஹில் கூட்டம்’ என்ற 1951ஆம் ஆண்டின் ஆங்கிலக் குற்ற நகைச்சுவைப் படமும் இருந்தது. குற்றத்தைக் கண்டு சிரிப்பது தன்னளவில் பாவம் என்று உரோமாபுரியே கருதவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

உரோமாபுரி வரை போகவும் வேண்டியதில்லை. நம் வீட்டு மாடத்தில் இருக்கும் வேதாகமத்தைத் திறந்தாலே போதும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஏகூத் என்னும் இடக்கையன், பருத்த உடலுடைய மோவாபிய அரசன் எக்லோனைத் தனியறையில் குத்திக் கொல்கிறான். வெளியே நின்ற ஏவலாளர்கள், அரசர் மலங்கழிக்கப் போயிருக்கிறார் என்று எண்ணி, வெட்கம் உண்டாகும் மட்டும் காத்து நிற்கிறார்கள். கொடுங்கோலனின் கொலையை இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆதியாகமத்தில் தாமார், தன்னை ஏமாற்றிய மாமன் யூதாவை, வழியோரத்து விலைமகளாக முக்காடிட்டு அமர்ந்து வீழ்த்துகிறாள். அவனுடைய முத்திரையையும் கோலையும் அடமானமாக வாங்கி வைத்துக்கொள்கிறாள். அவளை எரிக்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறிய நீதிமானின் முன் அவற்றை அனுப்பி வைக்கிறாள். அந்தத் தாமாரின் பெயரை மத்தேயு இயேசுவின் வம்ச வரிசையிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் ஆசிரியரின் தாளைக் கொண்டு அளந்தால் இவ்விரு அதிகாரங்களும் எந்தத் தரத்தில் நிற்கும்?

ஆகவே, கிறிஸ்தவனின் அளவுகோல் வேறொன்றாக இருக்க வேண்டும். அது புதிதாகச் செய்யப்பட வேண்டியதன்று. சுவிசேஷத்திலேயே இருக்கிறது. எளியவன் எப்படி நடத்தப்படுகிறான்? பாவி என்று ஊர் ஒதுக்கியவளை இக்கதை எந்தக் கண்ணோடு பார்க்கிறது? அதிகாரத்தில் இருப்பவன் முன் இது மண்டியிடுகிறதா, நிமிர்ந்து நிற்கிறதா? நகைச்சுவையாக இருந்தால் இன்னும் ஒரு கேள்வி: சிரிப்பு யார்மீது விழுகிறது? வலியவன்மீது விழும் சிரிப்பு வேறு. விழுந்து கிடப்பவன்மீது விழும் சிரிப்பு வேறு. முன்னது விடுதலையின் குரல், பின்னது கல்லெறி.

இந்தக் கோலைக் கொண்டு ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தை அளந்து பார்ப்போம்.

லீலாவின் கதையை எடுத்துக்கொள்வோம். தாயைத் திரையில் கண்ட மகன் வெறிகொண்டு, ஒரு திருப்புளியைக் கையில் ஏந்தி, அவளைக் கொல்ல ஓடுகிறான். ஓடியவன் தவறி விழ, அதே ஆயுதம் அவனுடைய வயிற்றைக் கிழிக்கிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை நடுவில் நிறுத்திக் கல்லெறியக் காத்திருந்த கூட்டத்தை யோவான் சுவிசேஷத்தில் படித்திருக்கிறோம். இங்கே கல் பெற்ற மகனின் கையில் இருக்கிறது. அவன் எதற்காக அங்கே அமர்ந்திருந்தான்? வேறொருத்தியின் உடலைக் கண்டு களிப்பதற்காக. அவள் தன் தாய் என்று அறியும் கணம் வரை அவனுக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. பார்ப்பவர்கள் இருப்பதால்தானே நடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள்படும்படி லீலா பின்னர் கூறும்போது, அவள் அவனை மட்டும் கேட்கவில்லை. கொட்டகை முழுவதையும் கேட்கிறாள். மண்ணில் விரலால் எழுதியவர் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். கல் நம் கையிலும் இருந்தது என்பதைக் காட்டிய படத்தை ஒழுக்கக்கேடான படம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து அற்புதம். குத்துண்ட மகன் இரத்தம் ஒழுகக் கிடக்கிறான். தந்தையோ ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லாமல் ஜெபத்தால் எழுப்புவேன் என்று நிற்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல் என்று மன்றாடுகிறவள் ஊரார் கண்ணில் கேவலப்பட்ட அந்தத் தாய். இதைத் தெய்வ நிந்தை என்று சிலர் கூறுகின்றனர். நல்ல சமாரியன் என்ன செய்தான்? காயத்துக்கு எண்ணெயும் இரசமும் வார்த்தான், கட்டுப் போட்டான், சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். வைத்தியத்துக்குப் பணம் கட்டியவனையே இயேசு நமக்கு முன்மாதிரியாகக் காட்டினார். நோயாளியின் மாத்திரையைப் பறித்து வீசிவிட்டு விசுவாசம் கேட்கும் போதகர்கள் எந்தப் பட்டினத்தில் இல்லை? அவர்களைப் பார்த்துச் சிரிப்பது விசுவாசத்தைப் பார்த்துச் சிரிப்பதன்று.

மூன்றாவது, பெர்லின் என்னும் பொலிஸ் உப பரிசோதகன். படத்தில் செய்யப்படும் பாவங்கள் பல. ஆனால் தீமை என்று முழு உருவெடுத்து நிற்பவன் அவன் ஒருவனே. வேம்புவும் முகிலனும் செய்தது குற்றம். அக்குற்றத்தை வைத்து அவளுடைய உடலை விலையாகக் கேட்கிறான் அவன். ஷில்பாவையோ விலைகூடப் பேசாமல் சிதைக்கிறான். சட்டம் ஏழையின் வீட்டுக் கதவைத் தட்டும்போது எந்த முகத்தோடு வருகிறது என்பதற்கு அவன் உருவகம். நம் நாட்டவர்க்கு இது புதுமையா? 1841ஆம் ஆண்டு பிரித்தானியர் இயற்றிய அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டத்தின் பெயரால், கொழும்புத் தெருக்களில் நின்ற ஏழைப் பெண்களும் திருநங்கையரும் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துச் செல்லப்பட்டிருக்கிறார்கள். ஸ்டேசன் கதவு மூடிய பின் நடந்தவற்றைக் கேட்டவர் யார்? எழுதியவர் யார்? அந்தத் துணிக்கடைப் பெண்ணின் கேள்வி அந்தக் கதவைத் தட்டிய கேள்வி.

நான்காவது, ஷில்பாவின் வருகை. ஏழு ஆண்டுகள் கழித்துக் குடும்பத் தலைவன் வருகிறான் என்று உற்றார் உறவினர் கூடியிருக்கிறார்கள். வந்து இறங்குவது சேலை கட்டிய ஒரு பெண். வீடு வாயடைத்துப் போகிறது. அவளுடைய சிறு மகன் ராசுக்குட்டி ஒருவனே குழப்பமில்லாமல் அவளை ஏற்றுக்கொள்கிறான். ஊதாரி மைந்தனின் உவமையில் தந்தை வாசலில் காத்திருந்தார். மகன் திரும்பி வந்தான். இங்கே மகன் காத்திருக்கிறான். தந்தை திரும்பி வருகிறார். உவமை தலைகீழாக நிற்கிறது. அதன் இருதயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எப்படி இருந்தாலும் எங்களோடு இருந்தால் போதும் என்பதே அப்பிள்ளையின் நெஞ்சம்.

இந்தக் காட்சியைப் பற்றி எனக்குச் சொன்னவர், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஓர் அம்மையார். நாள் தவறாமல் காலைப் பூசைக்குப் போகிறவர். அவருடைய பிள்ளைகளுள் ஒருவர் ஷில்பாவைப் போன்றவர். இருபது வயதில் வீட்டை விட்டுச் சென்றார், பின்பு வரவேயில்லை. அயலாரின் ஏளனமும், உறவினரின் பேச்சும், கோயில் வாசலில் மற்றவர்கள் ஒதுங்கிப் போனதும் அவரை விரட்டின. இப்படத்தைப் பேத்தியின் தொலைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார் அந்தத் தாய். அதிலிருந்த கெட்ட வார்த்தைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “தம்பி, அந்தப் பொடியனைப் போல எங்கட வீட்டில ஒருத்தர் இருந்திருந்தாப் போதுமே” என்றார். பிறகு, செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு படம் ஒரு தாயை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது என்றால், அதைப் பிசாசின் படம் என்று கூற என் நா எழவில்லை. நாற்பது மறையுரைகள் அவரிடம் செய்யாத வேலையை அந்தப் பையனின் முகம் செய்துவிட்டது.

ஆனால் அதே கோலைக் கொண்டு அளக்கும்போதுதான் இப்படத்தின் உண்மையான குறைகளும் தெரிகின்றன. பாராட்டுவதற்கு ஒரு கோலும் குறை சொல்வதற்கு இன்னொரு கோலும் வைத்துக்கொள்வது நேர்மையன்று.

ஷில்பா ஓரிடத்தில், மும்பையில் பிச்சை எடுப்பிக்கும் கூட்டத்துக்காக இரு குழந்தைகளைக் கடத்தத் தான் உடந்தையாக இருந்ததாக ஒப்புக்கொள்கிறாள். பாவசங்கீர்த்தனம் உயர்ந்ததே. ஆனால் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்பது திருநங்கையர்மீது காலங்காலமாகச் சுமத்தப்பட்டு வரும் பழி. அந்தப் பழியை நம்பித் தெருவில் அவர்களை அடித்த கூட்டங்கள் உண்டு. ஒருத்தியின் மனச்சுமையைக் கூட்டுவதற்காக ஓர் இனத்தின்மீது விழும் கல்லைக் கதாசிரியர் எடுத்துக் கொடுத்துவிட்டார். திருநங்கையர் பலர் இதை எதிர்த்தபோது அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. நடித்தவர் ஓர் ஆண், விஜய் சேதுபதி. 2019ஆம் ஆண்டின் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளில் துணை நடிகருக்கான விருது அதற்காக அவருக்குக் கிடைத்தது. விருது அவருக்கு, பழி அவர்களுக்கு. நம் ஆசிரியரின் நீண்ட பட்டியலில் இந்தக் குறை இல்லை என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும்.

இன்னொன்று. லீலாவைப் படம் பரிவோடு பார்க்கிறது; பார்ப்பவனையும் கேள்வி கேட்கிறது; நன்று. ஆனால் பார்ப்பவனுக்கும் நடிப்பவளுக்கும் நடுவில் நின்று பணம் எண்ணுகிறவன் எங்கே? அவளுடைய வறுமையை விலைக்கு வாங்கி, அந்த உடலை ஆயிரமாயிரம் பிரதிகளாக விற்றவன் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தப்படவில்லை. சந்தையில்லாத சந்தைச் சரக்குப் போல அவள் கதை சொல்லப்படுகிறது. தேவாலயத்தில் கயிற்றால் சவுக்குப் பின்னி, வியாபாரிகளின் பலகைகளைக் கவிழ்த்தவரின் கோலுக்கு இது ஒரு பெருங்குறை.

மூன்றாவது குறை பெர்லினின் முடிவு. அவன் மேலிருந்து விழும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தலையில் பட்டுச் சாகிறான். கொட்டகை கைதட்டிச் சிரிக்கிறது. சிரிப்பு வலியவன்மீதுதான் விழுகிறது. ஆனால் பெட்டியும் தற்செயலாகத்தான் விழுகிறது. எல்லாம் தற்செயல், ஒழுக்கம், ஒழுக்கக்கேடு என்பனவெல்லாம் மனிதன் போட்ட கோடுகள் என்பது போன்ற ஒரு தத்துவத்தைப் படம் இறுதியில் அவிழ்த்து விடுகிறது. அத்தத்துவத்தை ஏற்றால் பெர்லினைக் குற்றவாளி என்று சொல்ல எவருக்கு வாய் இருக்கும்? ஷில்பாவுக்கு நேர்ந்தது அநீதி என்றால், எங்கோ ஒரு நீதி இருந்தே ஆகவேண்டும். நீதியை வானத்திலிருந்து விழும் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டுச் சிரித்தபடி வீட்டுக்குப் போனால், ஸ்டேசன் கதவு மூடியபடியேதான் இருக்கும்.

தற்செயல் என்னும் இச்சொல்லைக் கொட்டாஞ்சேனைவாசியால் எளிதாகக் கடந்து போக முடியாது. இப்படம் வெளிவந்து 23 நாட்களின் பின், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்புப் பகுதியின் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் வெடித்தது. மொத்தத்தில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று பூசைக்குப் பிந்திப் போனதால் பிழைத்தவர்களை நான் அறிவேன். நேரத்தோடு போனதால் இறந்தவர்களின் வீடுகளிலும் அமர்ந்திருக்கிறேன். பிழைத்தவர்களுள் சிலர், கடவுள் எங்களைக் காத்தார் என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பக்கத்து வீட்டு விதவையின் காதில் விழாதபடி மெல்லச் சொல்கிறார்கள்.

அற்புதத்தின் கேள்வி இதுவேயன்றோ? 2004இல் நம் தீவில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அலை கொண்டு போனது. அதில் நான் மட்டும் ஏன் பிழைத்தேன்? அவர் அதற்குத் தன் சிலையை விடையாக்கிக்கொண்டார். தாம் தெரிந்தெடுக்கப்பட்டவர் என்று நம்பினார். அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பின், அவர் கேட்ட கேள்வி நம் தொண்டையில் நிற்கிறது. பிழைத்தவன் தெரிந்தெடுக்கப்பட்டவன் என்றால், இறந்த குழந்தை தள்ளப்பட்டதா? இப்படிப்பட்ட கடவுளை நான் வணங்கமாட்டேன். சுவிசேஷமும் வணங்கச் சொல்லவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மர் மற்றவர்களைவிடப் பாவிகளல்லர் என்று இயேசுவே தெளிவாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். பிழைத்ததன் பொருள் பிழைத்த விதத்தில் இல்லை. பிழைத்த பின் யாருக்காக வாழ்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு மலினமான நகைச்சுவைப் படம் என்று ஒதுக்கப்பட்டது, நம் மறையுரைகள் பல கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டுவிட்டது. விடையை அது தரவில்லை. அதைத் தேடுவது நம் வேலை.

ஆகவே என் தீர்ப்பு இது. இப்படம் பிள்ளைகளுக்கு உரியதன்று. அதில் ஆசிரியரோடு எனக்குப் பிணக்கில்லை. வளர்ந்தவர்கள் பார்க்கட்டும், பார்த்துவிட்டு ஒன்றுகூடிப் பேசட்டும். பேசும்போது வசைச்சொற்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், விழுந்தவர்களை எண்ணட்டும். அவர்களைத் தள்ளியவர்கள் யார் என்று கேட்கட்டும். திருநங்கையர்மீது சுமத்திய பழிக்காக இப்படத்தைக் கண்டிக்கட்டும். விற்றவனை மறைத்ததற்காகக் கண்டிக்கட்டும். கண்டிப்பதற்குரியவை அவையே.

கொழும்பில் நம் கோயில்களுக்குக் குறைவில்லை. கொட்டாஞ்சேனையில் லூசியாள் பேராலயத்தின் மணி ஒலி கேட்கும் தூரத்தில், உள்ளே வரத் துணியாமல் மதிலுக்கு வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் புகையிரதப் பாதையோரத்தில், இரவில் பொலிஸ் வாகனத்தின் வெளிச்சம் கண்டு ஓடி ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் ஷில்பாவுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. அடுத்த ஞாயிறு பூசைக்கு அப்படிப்பட்ட ஒருத்தி வந்து நம் வாங்கில் அமர்ந்தால், ஒதுங்காமல் இடம்விட்டு அமர்கிறோமா என்பதே அப்படத்தைப் பற்றிய நம் உண்மையான விமரிசனம். திரையில் என்ன அசிங்கம் இருந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியை முடித்த பின், நம் வாங்குகளில் யாருக்கு இடமில்லை என்ற கேள்வியையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.